அடுப்புக்கு மேலே ஆடும் முகம்

வைகாசிப் பொங்கலுக்கு முள்ளியவளையிலிருந்து வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போனவர்கள் இதைக் கண்டிருப்பீர்கள். அடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கிற பெரியம்மாவின் முகம் நெளியும். புகை என்று நினைப்போம். புகை விலகிய பிறகும் நெளிவு நிற்காது.

நெளிவுக்குக் காரணம் சூடு. சூடான காற்று ஐதானது, குளிர்ந்தது செறிவானது. இரண்டும் கலந்து சுழலும்போது ஒவ்வொரு சுழியும் ஒரு சின்ன வில்லையாகி ஒளியை வளைக்கிறது. வெப்பம் ஒரு பாகை மாறினால், காற்று ஒளியை எவ்வளவு வளைக்கும் என்று சொல்லும் முறிவுச் சுட்டி ஏறத்தாழ 10 இலட்சத்தில் ஒரு பங்குதான் மாறும். அந்தத் துளி மாற்றமே கிலோமீற்றர் கணக்கில் ஓடும் ஒளியைக் குழப்பப் போதும்.

அப்படிக் குழம்பும் ஒளிகளில் ஒன்று முறுக்கிய ஒளி. கயிறு திரிப்பதுபோல ஒளியையும் திரிக்கலாம். அப்படித் திரித்த ஒளி சுழல் உந்தத்தையும் சுமந்து செல்லும் என்று 1992 இல் லெஸ் அலனும் நெதர்லாந்தின் லைடன் நகரில் அவரோடு வேலை செய்தவர்களும் காட்டினார்கள். அந்த ஒளி சுவரில் விழுந்தால் உழுந்துவடை மாதிரி நடுவில் இருட்டு, சுற்றிவர வெளிச்சம். ஒரு முறுக்கு, இரண்டு முறுக்கு, மூன்று முறுக்கு என்று வெவ்வேறு சேதிகளை ஒரே கற்றையில் அனுப்பலாம் என்பதுதான் இதில் உள்ள ஆசை. காற்று அதைக் கெடுக்கிறது. மூன்று முறுக்கோடு புறப்பட்டது, போய்ச் சேரும்போது கொஞ்சம் இரண்டாகவும் கொஞ்சம் நான்காகவும் சிதறிக் கிடக்கும். ஒரு வீட்டுச் சேதி அடுத்த வீட்டுக்கும் போய்விடுகிறது.

2014 இல் வெளியான ஓர் ஆய்வில் வியன்னா ஆய்வாளர்கள் நகரத்தின் மேலாக 3 கிலோமீற்றருக்குப் பச்சை லேசரை அனுப்பினார்கள். வலமாக மூன்று, இடமாக மூன்று முறுக்கிய ஒளிகளைச் சேர்த்தால் ஆறு இதழ்ப் பூ தெரியும். அப்படி 16 வடிவங்கள். காற்றில் பூ நடுங்கியது, நகர்ந்தது. ஆனாலும் இதழை எண்ண முடிந்தது. முறுக்கை அளந்து பார்க்காமல், பூவின் படத்தைப் பார்த்து இன்னதென்று சொல்லக் கணினியைப் பழக்கினார்கள். மொசார்ட்டின் படம்கூட அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. பெரியம்மாவின் முகம் எவ்வளவு நெளிந்தாலும் அவர்தான் என்று நமக்குத் தெரிவதும் இப்படித்தான்.

அதே குழுவினர் பின்னர் கனேரித் தீவுகள் இரண்டுக்கிடையே 143 கிலோமீற்றருக்கு ஒரு சிறு வாசகம் அனுப்பினார்கள். 2016 இல் வெளியான முடிவின்படி பிழை 8.33 வீதம், அதாவது 12 இல் ஒன்று. அவ்வளவு தூரத்துக்கு அது பெரிய காரியம். ஆனால் காற்றைக் கலக்கும் நம் சித்திரை வெயிலில், நிலத்துக்குக் கீழே ஓடும் கண்ணாடி இழைக்கு இது மாற்றாகிவிடும் என்று யாராவது சொன்னால் இப்போதைக்கு நம்ப வேண்டாம்.

அடுத்த பொங்கலுக்குப் போனால் அடுப்புக்கு மேலாக ஒருமுறை பாருங்கள். பிறகு ஓரடி விலகி நின்று பாருங்கள். முகம் நேராகிவிடும்.