விளக்குக்கா, கொழம்புக்கா?

"விளக்குக்கா, கொழம்புக்கா அண்ணே?" என்று கேட்டார் பூசணிக்கார அம்மா.

தேய்பிறை அஷ்டமிக்கு முதல் நாள் சாயங்காலம். விடிந்தால் எங்கள் அதியமான்கோட்டையில் கால் வைக்க இடமிருக்காது. சாம்பல் பூசணியைப் பாதியாக அறுத்து, உள்ளே குடைந்து, எண்ணெய் விட்டு, காலபைரவருக்கு விளக்கேற்ற எந்தெந்த ஊரிலிருந்தோ வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். எனக்கு வேண்டியது கூட்டுக்கு ஒரு காய். "கொழம்புக்குத்தாம்மா" என்றேன். குவியலில் கையை விட்டார், இரண்டைத் தட்டிப் பார்த்துத் தள்ளினார், மூன்றாவதாக அகப்பட்ட இளங்காயைக் கொடுத்துவிட்டார். விளக்குக்கு என்று சொல்லியிருந்தால் முற்றி, தோல் கெட்டித்து, தரையில் வைத்தால் உருளாத காயாகப் பார்த்திருப்பார். அரை நிமிட வேலை.

காசைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றேன். அதற்கு முந்தைய பத்து நாளாக ஒரு டேப்லெட்டைத் தேர்ந்தெடுக்க முடியாமல் நான் தூக்கம் கெட்டுக் கிடந்தேன்.

தருமபுரியில் ஒரு புளி மண்டியில் முப்பத்தொரு வருடம் கணக்கு எழுதியவன் நான். கண்ணில் புரை எடுத்த பிறகும் பொடி எழுத்துப் புத்தகம் ஒத்துவரவில்லை. "டேப் ஒண்ணு வாங்கிக்குங்கப்பா, எழுத்தைப் பெருசு பண்ணிக்கலாம்" என்றான் மகன். வீட்டில் "டேப்லெட் வாங்கப் போறேன்" என்றதும் என் மனைவி சர்க்கரை மாத்திரைச் சீட்டை எடுத்து நீட்டினாள். கடைத் தம்பியின் முதல் கேள்வி, "பட்ஜெட் எவ்வளவு சார்?" எதற்கு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. தருமபுரிக்குப் பழைய பெயர் தகடூர். தகடூர்க்காரனுக்குத் தகடு வாங்கத் தெரியாதா என்ற மிதப்பு.

பழைய பேரேட்டுத் தாளில் கட்டம் போட்டேன். முதலில் கிண்டில் பேப்பர்வைட்: 7 அங்குலத் திரை, 211 கிராம், அங்குலத்துக்கு 300 புள்ளி. கறுப்பும் வெள்ளையுமான நுண்துகள்கள் இடம் மாறி எழுத்தாக நிற்கிற திரை என்பதால் திண்ணை வெயிலிலும் அச்சுத்தாள் மாதிரி தெரியும். அடுத்து சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9 பிளஸ்: 11 அங்குலம், 480 கிராம், 206 புள்ளி, மெமரி கார்டு போடலாம். மூன்றாவது ஐபேட்: 10.9 அங்குலம், 477 கிராம், 264 புள்ளி. கார்டுக்கு இடமில்லை, விலை ஏறக்குறைய இரட்டிப்பு.

கண்ணுக்குச் சுகம் முதலாவதுதான். ஆனால் நான் படிக்க ஆசைப்பட்டவை தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் உள்ள பழைய புத்தகங்கள். அவை பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வைத்தவை. படத்தைப் பெரிதாக்கினால் வரியின் வால் திரைக்கு வெளியே போய்விடும். இழுத்து இழுத்துப் படிக்க வேண்டும். சின்னத் திரையில் அது பெரும்பாடு. மதுரைத் திட்டத்தார் 1998 பொங்கல் முதல் தட்டச்சு செய்து தருகிற நூல்களில் அந்தத் தொல்லை குறைவு. எழுத்தைப் பெருக்கினால் வரி தானாக மடங்கி அடுத்த வரிக்கு இறங்கும்படி வைத்துக்கொள்ளலாம். ஆக, ஒரே கண்ணுக்கு, ஒரு நூலுக்கு ஒரு கருவி சரி, இன்னொரு நூலுக்கு இன்னொன்று சரி.

சரி, மதிப்பெண் போட்டுக் கூட்டிவிடுவோம் என்று உட்கார்ந்தேன். விலைக்கு நாற்பது, எடைக்கு இருபது என்று பிரித்தேன், சாம்சங் வந்தது. கண் முக்கியமில்லையா என்று அதற்கு ஐம்பது கொடுத்தேன், கிண்டில் வந்தது. வருஷக்கணக்கில் உழைக்க வேண்டுமே என்று ஒரு பத்தி சேர்த்தேன். ஐபேட் மேலே ஏறியது. மூன்று முறையும் கூட்டல் சுத்தம், விடைதான் வேறு வேறு. மண்டியில் ஆயிரம் மூட்டையைக் கூட்டியிருக்கிறேன். அங்கே எல்லாமே கிலோ. 211 கிராமையும் 300 புள்ளியையும் எந்தத் தராசில் ஏற்றுவது? எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று நான் எழுதும்போதே முடிவாகிவிடுகிறது. அப்புறம் போடுகிற கணக்கெல்லாம் அந்த முடிவுக்குச் சாட்சி சொல்ல வந்ததுதான்.

1978-இல் பொருளாதார நோபல் பரிசு வாங்கிய ஹெர்பர்ட் சைமன் இதற்கு ஒரு வழி சொன்னார். மனிதனுக்கு நேரமும் குறைவு, அறிவும் குறைவு. எல்லாவற்றையும் ஒப்பிட்டு மிகச் சிறந்ததைப் பிடிப்பது ஆகாத காரியம். போதும் என்பதற்கு ஓர் அளவு வைத்துக்கொள், அதை எட்டுகிற முதல் பொருளை எடுத்துக்கொள் என்பது அவர் கட்சி. பூசணிக்கார அம்மா செய்தது அதுதான். ஆனால் அவருக்கு அளவை எடுத்துக் கொடுத்தது என் பதில். எனக்கு அளவை யார் கொடுப்பது?

அரசு அதை மாணவரிடமே விட்டது: 2025 மார்ச் 14 அன்று தமிழகச் சட்டமன்றத்தில் வாசித்த நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ அவரவர் விருப்பப்படி என்று அறிவித்தார்கள். விருப்பம் என்ற சொல்லைப் போட்டது நேர்மை என்று இப்போது படுகிறது. கடைகள் அந்தச் சொல்லைத் தொடுவதே இல்லை. 'உங்கள் தேவைக்கு ஏற்றது' என்கின்றன. தேவை என்று ஒன்று நமக்குள் ஏற்கெனவே ரெடியாக இருப்பது போலவும், அதற்கு மூடி தேடுவதுதான் பாக்கி என்பது போலவும் பேச்சு.

எங்கள் ஊரில் அதியமான் கோட்டம் இருக்கிறது. தகடூரை ஆண்ட அதியமானுக்கும் அவனைப் பாடிய ஔவையாருக்கும் சிலை வைத்திருக்கிறார்கள். பூசணிப் பையோடு அன்றைக்கு அந்த வழியாகத்தான் வீட்டுக்கு நடந்தேன். ஔவை ஒரு முறை கருவிகளை ஒப்பிட்டவள் என்பது அப்போதுதான் உறைத்தது. அதியமானின் தூதாக மன்னன் தொண்டைமானிடம் போனபோது அவன் தன் ஆயுதசாலையைக் காட்டினான். மயிற்பீலி கட்டி, மாலை சூட்டி, நெய் பூசி, காவலோடு வைத்த பளபளப்பான வேல்கள். எங்கள் மன்னனின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து எப்போதும் கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாள் அவள். புறநானூற்றின் 95-ஆம் பாட்டு. தொண்டைமானைப் புகழ்வது போலக் குத்திய பாட்டு என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். எனக்கு இப்போது அது வேறு மாதிரி கேட்டது: நீளம், எடை, கூர்மை எதையும் அவள் அளக்கவில்லை. எது தேய்ந்திருக்கிறது என்று மட்டும் பார்த்தாள்.

அதை அப்படியே பிடித்துக்கொள்ளவும் முடியவில்லை. தேய்ந்தது எல்லாம் நல்லது என்றால், ராத்திரி இரண்டு மணி வரை ரீல்ஸ் தள்ளித் தள்ளித் தேய்கிற திரைக்கும் புகழ் சேர வேண்டும். அவ்வளவு வேல் முறித்தும் தகடூர் நிற்கவில்லை; 'தகடூர் எறிந்த' என்ற பட்டம் சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறையின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. தேய்வது ஒரு அடையாளம், அவ்வளவுதான். எதற்காக, யாருக்காகத் தேய்கிறது என்பதை அது சொல்லாது.

கடைசியில் சாம்சங்கை வாங்கினேன். காரணம் கேட்டால் திரை பெரிது, காசு கட்டுப்படியாயிற்று, போதும் என்று நிறுத்திக்கொண்டேன். சைமனுக்கு நன்றி. முதல் வாரம் அதை வேட்டித் துணியில் சுற்றி பீரோவில் வைத்துப் பூட்டினேன். தொண்டைமான் நானேதான்.

ஒரு நாள் மத்தியானம் என் மனைவி கேட்டாள்: "ஏங்க, இதுல நான் படிக்கலாமா?" அவள் ஐந்தாவது வரை படித்தவள். முப்பது வருடத்துக்கு முன் வாரப் பத்திரிகைத் தொடர்களைக் கத்தரித்துத் தைத்து வைத்திருந்தாள். எப்போது நிறுத்தினாள், ஏன் நிறுத்தினாள் என்று நான் கேட்டதில்லை. "உனக்கெதுக்கு?" என்று வாயில் வந்துவிட்டது. மூன்று நாள் கழித்துத்தான் எடுத்துக் கொடுத்தேன். மதுரைத் திட்டத்திலிருந்து 'பொன்னியின் செல்வ'னை இறக்கி, எழுத்தைப் பெருக்கிக் காட்டினேன். இரண்டு விரலால் அவளே இன்னும் கொஞ்சம் பெருக்கிக்கொண்டாள்.

அன்றைக்குப் பேரேட்டுத் தாளை எடுத்துப் பார்த்தேன். விலை, எடை, திரை, பேட்டரி, மெமரி என்று ஒன்பது பத்திகள். ஒன்பதும் எனக்கும் பொருளுக்கும் நடுவே போட்ட கோடுகள். வீட்டில் இன்னொரு ஜோடிக் கண் இருப்பதற்கு ஒரு பத்தி இல்லை.

நெல்லிக்கனிக் கதையை எங்கள் ஊர்க் குழந்தையும் சொல்லும். புறநானூற்றில் அது 91-ஆம் பாட்டு. கனி அரியது, உண்டவருக்குச் சாவு தள்ளிப்போகும், கையில் இருந்தது ஒன்றே ஒன்று. கனிக்குக் கனி ஒப்பிட அங்கே வழியே இல்லை. யார் வாயில் போக வேண்டும் என்பதுதான் அதியமான் முன் இருந்த கேள்வி. அதன் பலனைத் தனக்குள்ளேயே அடக்கிக்கொண்டு ஔவைக்குக் கொடுத்தான். கடையில் பலனைச் சொல்லிச் சொல்லி விற்கிறார்கள். அவன் பலனைச் சொல்லாமலே கொடுத்தான். சொல்லியிருந்தால் அவள் வாங்கியிருக்க மாட்டாள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும்.

நான் அதியமான் இல்லை. அவன் கேட்காமல் கொடுத்தான். நான் கேட்டும் மூன்று நாள் இழுத்தவன். இருந்தாலும் ஒன்று பிடிபட்டது: தேவையை முதலில் கண்டுபிடித்து, பிறகு பொருளைத் தேடுகிறோம் என்பது பாதி உண்மை. மீதிப் பாதி, பொருள் வீட்டுக்குள் வந்து நாலு கை மாறிய பிறகுதான் தெரியவருகிறது. வாங்குவதற்கு முன் போடுகிற எந்தக் கட்டத்திலும் அதற்கு இடம் விட முடியாது. பூசணிக்கார அம்மாவின் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது, வீட்டில் கூட்டு வைக்க ஆள் இருந்ததால்தான்.

இப்போது திரையின் வலது மூலையில் புளிக்கறை ஒன்று அப்பியிருக்கிறது. மஞ்சள்பொடி விரல் தடம் தனி. சாயங்காலம் நான் கேட்கும்போது பேட்டரி பதினைந்து சதவீதத்தில் நிற்கும். "குடு, ரெண்டு பக்கம் பாத்துட்டுத் தரேன்" என்றால் தலையைத் தூக்காமல் சொல்வாள்: "இந்த அத்தியாயம் முடியட்டும்ங்க. வந்தியத்தேவன் மாட்டிக்கிட்டான்."