நெறிக்கட்டியும் வினைநுகர்ச்சியும்

கையிலேனும் விரலிலேனும் புண் உண்டாயவழி அக்குளில் நெறிகட்டுதல் யாவரும் அறிந்ததே. புண் ஆறியபின் சில வாரங்களில் அதுவும் வற்றிவிடும். ஆயின், புண் ஒன்றும் இன்றியே தோன்றி, நோவும் தராது, திங்கள் பல கழிந்தும் நீங்காது நிற்கும் கட்டியும் உண்டு. அதனையுடையார்க்கு நீராடுந்தோறும் திருநீறு அணியுந்தோறும் கை தானே அவ்விடத்துச் செல்லும், உள்ளமும் உடன்செல்லும். அங்ஙனம் வாழ்வார்க்கு அறமாவது மருந்து நாடுதலோ, வினையென்று அமைதலோ என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் அக்கட்டியின் இயல்பை அறிதல் வேண்டும். உடம்பிற் குருதியேயன்றி நிணநீர் என்பதொன்றும் ஓடுகின்றது. அதனை வடித்துத் தூய்மை செய்யும் சிறு கணுக்கள் உடம்பெங்கும் ஏறத்தாழ 600 உள. அவற்றுள் 20 முதல் 40 வரையின ஒவ்வோர் அக்குளிலும் அமைந்தன. கை, மார்பு, முதுகின் மேற்பகுதி என்னும் இவற்றினின்று வரும் நிணநீர் அவற்றின் வழியே செல்லும். நோய்க்கிருமி புகுந்தவழி அதனோடு பொருதலாற் கணு வீங்கும். ஆதலின் வீக்கம் பெரும்பாலும் காவலின் அடையாளமேயன்றிக் கேட்டின் அடையாளம் அன்று. எனினும், காசநோயாலும், மார்பிற் புற்றுநோயாலும், நிணநீர்க் கணுக்களிலேயே தோன்றும் புற்றுநோயாலும் அது நிகழ்தல் உண்டு. கையால் தொட்ட அளவில் இன்னதென்று துணிதல் அரிது. மெல்லிய ஊசியால் அணுக்களை எடுத்தேனும், கணுவை அரிந்தெடுத்தேனும் நோக்கியே மருத்துவர் துணிவர்.

இனி, ‘பிராரத்தம் நுகர்ந்தே கழியும், அதனை மருந்தால் விலக்க முயலுதல் இறைவன் ஆணையை மறுத்தலாமன்றோ?’ எனின், அற்றன்று. கட்டி வந்தது பிராரத்தமாகுக. அதனை அறிந்தும் வாளாவிருத்தல் இப்பொழுது மனத்தாற் செய்யப்படும் செயலாகலின் ஆகாமியமாம். பசியும் வினைவழி வருவதே. அதுபற்றி உண்ணாதிருப்பார் இலர். நோயை ஊட்டும் இறைவனே மருந்தையும் மருத்துவனையும் கூட்டுவிப்பான். கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்களைக் குளிர்சுரம் பற்றியபோது திருஞானசம்பந்தப் பிள்ளையார் வினையென்று வாளாவிருந்திலர். திருநீலகண்டத் திருப்பதிகம் அருளி அந்நோயை நீக்கினார். வினையென்று கூறி உய்வு நாடாதிருத்தல் குறையாம் என்பதே அப்பதிகத் தொடக்கத்தின் கருத்து.

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய மருந்து, நோயுற்றவனையும் மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் ஒன்றாக வைத்தது. நோயை மறைப்பவன் அந்நான்கனுள் ஒன்றைத் தானே அழிக்கின்றான். மகளிர் சிலர் நாணத்தால் அக்குளையும் மார்பையும் மருத்துவர்க்குக் காட்டாது காலங்கழிப்பர். இந்நாணம் கற்பின்பாற்பட்டதன்று, தன்னுயிர்க்கும் தன்னைச் சார்ந்தார்க்கும் செய்யும் தீங்கேயாம். காசநோயாயின், ஏற்ற மருந்துகளை ஆறு திங்கள் தவறாது உண்ணப் பெரும்பாலார்க்கு நீங்கும். புற்றுநோயும் தொடக்கத்தில் அறியப்படின் தீர்தற்கு இடம் மிகுதி. நான்கு வாரங்கட்கு மேலும் கட்டி வற்றாது நிற்பினும், வளரினும், கல்போல் இறுகி அசையாதிருப்பினும், காய்ச்சலும் இரவில் மிகுவியர்வும் உடல் மெலிவும் உடன்தோன்றினும் மருத்துவரை நாடுதல் கடனாம்.

இதற்கு மறுதலையாய பிழையும் ஒன்றுண்டு. தக்கார் ஆராய்ந்து தீங்கில்லையென்று துணிந்தபின்னும் சிலர் நாடோறும் கட்டியை அழுத்திப் பார்ப்பர். அழுத்த அழுத்த அவ்விடம் நோவும். நோவு கண்டு அச்சம் வளரும். காசநோய்க்குரிய மருந்தை முற்ற உண்டபின்னும் சிலர்க்குக் கணு சிறிது தங்கும். அதுவொன்றே நோய் நீங்காமைக்குச் சான்றாகாது. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பிற்று என்பது சித்தாந்தத் துணிபு. கட்டியையே இடையறாது சாரும் உள்ளம் அச்சமே வடிவாகும். பூசையிலிருக்கும்போதும் அதற்குத் திருவடி புலப்படாது. கட்டியாயது உடம்பில் ஓரிடத்ததே. அச்சமோ உயிர் முழுதையும் பற்றுவது. உடம்பின் நோய் நுகர்ந்து கழிய, அச்சத்தாற் புதுவினை ஏறுதல் பேதைமையன்றோ!

ஆகலின், காட்டவேண்டியவழிக் காட்டுதலும், உண்ணவேண்டிய மருந்தை உண்ணுதலும், குறித்த நாளில் மீண்டும் சென்று ஆராய்வித்தலும் உடம்பை அருளிய இறைவற்குச் செய்யும் கடன்கள். அவற்றைச் செய்து முடித்தபின் கையை அக்குளினின்றும் எடுத்து, அன்றாடத் தொண்டிற் செலுத்துதலே வினைநுகர்ச்சியின் உண்மை உணர்ந்தார் செயலாம். கட்டி நீங்குதலும் நிற்றலும் அவன் திருவுளத்தின்பாற்படுவன.