"எங்கள் கையில் இல்லை" என்பது பதிலாகுமா?

வியாழக்கிழமை நண்பகலில் எடின்பரோவின் ஹோலிரூட்டில் உள்ள ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தில் முதலமைச்சர் உறுப்பினர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல எழுந்து நிற்பார். 129 உறுப்பினர் கொண்ட அந்த அவை 1999இல் அமைந்தது. சுகாதாரம், கல்வி, காவல்துறை எல்லாம் அதன் பொறுப்பு. போதைப்பொருள் சட்டமோ லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அரசின் வசம். அதிகாரம் இப்படிப் பிரிந்து கிடந்தால் ஒரு பதில் எந்நேரமும் தயாராக இருக்கும்: "அது எங்கள் கையில் இல்லை." அது பொய்யல்ல. ஆனால், உண்மையைச் சொல்லியே கேள்வியைத் தட்டிக்கழிப்பது அறமாகுமா?

2020இல் மட்டும் ஸ்காட்லாந்தில் 1,339 பேர் போதைப்பொருளால் மாண்டார்கள். மக்கள்தொகை விகிதத்தில் ஐரோப்பாவில் வேறெங்கும் அப்போது நிலைமை இவ்வளவு மோசமாக இருக்கவில்லை. போதை ஊசி போட்டுக்கொள்பவர் உயிரிழக்காதபடி செவிலியர் பக்கத்திலிருந்து கவனிக்கும் மையம் ஒன்றை கிளாஸ்கோ நகரம் கேட்டது. 1971ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் அதைத் தடுக்கிறது, லண்டன்தான் திருத்த வேண்டும் என்றது எடின்பரோ. சட்டத்தைத் திருத்த முடியாது, சிகிச்சை உங்கள் பொறுப்பு என்றது லண்டன். இரண்டு பேச்சிலும் உண்மை இருந்தது. சாவு மட்டும் குறையவில்லை.

போதைச் சாவுகளில் தன் அரசு கவனத்தைத் தவறவிட்டது என்று அப்போதைய முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் 2021இல் ஒப்புக்கொண்டார். சிகிச்சைக்கான பணமும் படுக்கைகளும் எப்போதும் எடின்பரோவின் கையில்தானே இருந்தன! கிளாஸ்கோ கேட்ட மையத்துக்குள் போதைப்பொருள் வைத்திருப்பவர்மீது வழக்குத் தொடுப்பது பொதுநலனுக்கு உகந்ததாகாது என்று ஸ்காட்லாந்தின் தலைமை அரசு வழக்கறிஞர் டோரத்தி பெய்ன் 2023இல் அறிவித்தார். 2025 ஜனவரியில் கிளாஸ்கோவில் மையம் திறந்தது. 1971ஆம் ஆண்டுச் சட்டம் அப்படியேதான் இருந்தது.

அரசின் பக்கம் ஒரு நியாயமும் உண்டு. வழக்குத் தொடுப்பது பற்றிய முடிவை அந்த வழக்கறிஞர் சுதந்திரமாக எடுக்கிறார். அமைச்சர்கள் உத்தரவிட முடியாது. முன்பு அந்தப் பதவியில் இருந்தவர் 2017இல் அத்தகைய உறுதி தர மறுத்தும் விட்டார். அதனால் எடின்பரோ ஏமாற்றியது என்று சொல்வது அநியாயம். ஆனாலும், இல்லாத அதிகாரத்தைப் பற்றி உரக்கப் பேசிய அரசு, இருந்த அதிகாரத்தை என்ன செய்தது என்பதை அதே குரலில் சொல்லியிருக்க வேண்டும்.

கேட்பவருக்கும் கடமை உண்டு. "இத்தனை பேர் செத்தார்களே, வெட்கமில்லையா?" என்று கேட்டால் மறுநாள் பத்திரிகையில் தலைப்பு கிடைக்கும், பதில் கிடைக்காது. சிகிச்சைக்குப் பதிவு செய்தவர் எத்தனை வாரம் காத்திருக்கிறார், மறுவாழ்வுப் படுக்கைகள் எத்தனை என்று கேட்டால் அதை லண்டன் பக்கம் தள்ளிவிட முடியாது. கேட்பவரின் கட்சியே லண்டனில் ஆட்சியில் இருக்கும்போது, சட்டம் பற்றிய கேள்வியை அங்கேயும் கொண்டுபோய்க் கேட்பதுதான் நேர்மை.

அதிகாரம் இல்லை என்று சொல்லும் அமைச்சர், இருக்கும் அதிகாரத்தைக் கொண்டு என்ன செய்தார் என்பதை அடுத்த வாக்கியத்திலேயே சொல்லக் கடமைப்பட்டவர். சொல்லாமல் உட்கார்ந்தால், அதே கேள்வியை இன்னொரு உறுப்பினர் எழுந்து கேட்க வேண்டும், அவர் எந்தக் கட்சியைச் சேர்ந்தவராக இருந்தாலும்.