ஊர் மாறினால் கணக்குத் தீருமா?



விசுவாசிக்கு நாவல் எதுக்கு என்று சிலர் முறைப்பீர்கள். பரவாயில்லை. சிவகங்கையில் 1897-ல் பிறந்த சுத்தானந்த பாரதியார் தமிழாக்கிய ‘ஏழை படும் பாடு’ என்னைத் தூங்கவிடவில்லை. விக்டர் ஹியூகோ 1862-ல் வெளியிட்ட கதை. ரொட்டி திருடி 19 வருஷம் சிறையிலிருந்த ழான் வால்ழான், ஒரு பிஷப்பின் இரக்கத்தால் மனந்திரும்புகிறான். தெரியாத பட்டணத்தில், வேறு பெயரில் தொழில் நடத்தி மேயராகவே ஆகிவிடுகிறான். அந்த நேரம் பார்த்து, ‘இவன்தான் வால்ழான்’ என்று வேறொருவனைக் கூண்டில் ஏற்றுகிறார்கள். ராத்திரி முழுக்கப் போராடிவிட்டு, கோர்ட்டுக்குப் போய் ‘நான்தான் அவன்’ என்கிறான்.

நாம என்ன சொல்லுவோம்? ‘நான் புது சிருஷ்டி, பழசைக் கிளறாதீங்க.’ செக்காலையில் கடனை வைத்துவிட்டு சிங்கப்பூர் போனவன் அங்கே இரட்சிக்கப்பட்டு சாட்சி சொல்லலாம். ஸ்தோத்திரம்! ஆனால் இங்கே ஜாமீன் கையெழுத்துப் போட்ட மச்சான்தானே கூண்டில் நிற்கிறான்?

எஜமானை விட்டுப் பிரிந்து வந்த ஒநேசிமுவைப் பவுல் ஒளித்து வைக்கவில்லை, திருப்பி அனுப்பினார். சும்மாவும் அனுப்பவில்லை. அவன் பட்ட கடன் இருந்தால் தன் கணக்கில் வைக்கச் சொல்லி, காவலில் இருந்தபடியே தன் கையால் எழுதிக் கொடுத்தார். ‘போய்ச் சரிபண்ணு தம்பி’ என்று புத்தி சொல்ல நம்ம சபையில் ஆளுக்குக் குறைவில்லை. அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுக்க யார் இருக்கிறோம்?