மாடவுரிமையும் அடித்தளக்கடனும்

தனக்கென ஓர் இல்லம் எடுத்தவன் அதனைப் பேணாதொழியின், அதன் கேடு பெரும்பாலும் அவனையே சாரும். நூறு குடும்பத்தார் ஒரே கட்டடத்தில் வீடுதோறும் தனியுரிமை பூண்டு, தூணும் கூரையும் அடித்தளமும் பொதுவாகக் கொண்டு வாழுமிடத்து, அப்பொதுப்பொருளைப் பேணுங் கடன் யாரைச் சாரும் என்பது ஆராயத்தக்கது.

அமெரிக்காவின் புளோரிடா மாகாணத்துக் கீழ்கடற்கரையில் மயாமி பீச் என்னும் உல்லாச நகரம் உளது. கண்டற்காடும் சதுப்புமாய்க் கிடந்த தீவைக் குடாவினின்று வாரிய மணலால் மேடாக்கினர்; 1915-ஆம் ஆண்டில் அது நகராயிற்று. வெயிலும் கடற்காற்றும் நாடி வருவார்க்கு முதற்கண் விடுதிகளும், பின்னர் விலைமிக்க பன்மாடக் குடியிருப்புக்களும் அங்கே எழுந்தன. கடற்காட்சியே ஆங்கு முதன்மையான விலைப்பொருள்; ஆதலின் மாடம் உயர விலையும் உயரும். கீழே நிற்குந் தூணை நோக்கி வாங்குவார் அரியர்.

அந்நகரின் வடபால் அடுத்துள்ள சர்ப்சைடு என்னும் ஊரில், 136 வீடுகளையுடைய பன்னிரண்டு மாடிக் கட்டடமொன்று 1981-ல் எழுந்தது. நீச்சற்குளத்தை அடுத்த தளத்தில் நீர் வடியாமையால் கான்கிரீட்டுப் பெரிதும் பழுதுற்றதென 2018-ல் பொறியியலார் ஒருவர் அறிவித்தார். செலவு மிகுதியென்று உரிமையாளர் தம்முள் மாறுபட்டனர். ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டாலரைப் பகுத்துக் கொடுக்க 2021 ஏப்பிரலிலேயே இசைவு பிறந்தது. அவ்வாண்டு ஜூன் 24-ஆம் நாள் நள்ளிரவு கழிந்தபின் கட்டடத்தின் பெரும்பகுதி வீழ்ந்து 98 பேர் மாண்டனர். கட்டிய காலத்தே நேர்ந்த குறைகளும் உண்டென ஆய்வாளர் கண்டனர். ஆயினும், கண்ட பழுதை ஒத்திவைத்த குற்றம் அதனால் நீங்காது. மாண்டாருள் உரிமையாளர் மட்டுமல்லர், விருந்தாக வந்தோரும் சிறுவரும் இருந்தனர். ஒத்திவைத்தலில் அவர்க்குப் பங்கில்லை. அதன் பயனில் மட்டும் பங்கு கிடைத்தது.

'அளவான வருவாயுடைய முதியோர் பெரும்பொருளுக்கு எங்கே போவர்? ஒத்திவைத்தது வறுமையாலன்றி ஆசையாலன்று' எனின், அது முழுதும் பொய்யன்று. 2022-ல் எழுந்த சட்டம், மூன்று மாடியும் அதற்கு மேலும் உடைய இத்தகைய குடியிருப்புக்களை முப்பதாம் ஆண்டில் ஆராயவும், பழுதுபார்க்கப் பொருள் சேர்த்து வைக்கவும் பணித்தது. அதன்பின் சுமை தாங்காது வீட்டை விற்றகன்ற முதியோர் உளர். பழைய கட்டடங்களை முழுவதும் வாங்கி, அம்மணலிலேயே இன்னும் உயர்ந்த செல்வர் மாடங்களை எழுப்புவாரும் உளர். அறத்தின் பெயரால் எளியவர் வெளியேறுதல் வருந்தத்தக்கதே.

ஆயினும் அச்சுமை ஒரே நாளில் வந்ததன்று. நாற்பதாண்டு சிறிது சிறிதாகச் செலுத்தற்பாலதைச் செலுத்தாமையே இறுதியில் ஒருசேர வந்து நின்றது. முன்னிருந்து விற்றகன்றார் பேணாது நுகர்ந்தனர். பின்வந்தார் அவர் கடனையும் விலைகொடுத்து வாங்கினர். பொதுப்பொருளை நுகர்வான் நுகருங்காலத்தே அதன் தேய்வை ஈடுசெய்யக் கடவன். அது செய்யாது மிச்சப்படுத்திய பொருள் அவனுடையதன்று. பின்வருவாரிடம் கேளாது பெற்ற கடனேயாம். இன்று அக்கடற்கரையில் எழும் புதுமாடங்களுக்கும் முப்பதாம் ஆண்டு வரும். அவற்றின் கடனை முதலாண்டிலேயே செலுத்தத் தொடங்குவாரே அவற்றை உண்மையில் உடையராவர்.