சேஷம் யாருக்கு?

திருவரங்கத்தில் பெருமாள் பள்ளிகொண்ட அரவணைக்குப் பெயர் ஆதிசேஷன். சேஷம் என்றால் மிச்சம். ராமானுஜரோ அச்சொல்லுக்கு, பிறருக்கென்றே இருப்பது என்று பொருள் விரித்து, உயிருள்ளதும் உயிரற்றதும் இறைவனுக்குச் சேஷம் என்றார். அப்படியானால் அறுவடைக்குப் பின் மிஞ்சும் வைக்கோலைக் கழிவென்று கொளுத்த நமக்கு உரிமை ஏது? பானிப்பட்டில் 2022-இல் திறக்கப்பட்ட இந்தியன் ஆயில் ஆலை, வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்கவே கட்டப்பட்டது. எத்தனாலை விமான எரிபொருளாக்கும் வழியும் உண்டு. வெளிநாடு செல்லும் விமானங்களின் எரிபொருளில் 2027-இல் 1 சதவீதம், 2030-இல் 5 சதவீதம் இத்தகைய பசுமை எரிபொருளைக் கலக்க இந்தியா இலக்கு வைத்திருக்கிறது.

காவிரிக்கரையில் வைக்கோல் கழிவே அல்ல, மாட்டுத்தீவனம் என்று மறுப்பார்கள். நியாயமான மறுப்பு, சேஷத் தத்துவமும் அதன் பக்கமே நிற்கிறது. பிறருக்கென்று இருப்பதில் நம் பயணத்துக்கு மட்டும் முதலிடம் எப்படி வரும்? வாழையின் மிச்சத்துக்கும் இதே கேள்விதான். தார் வெட்டிய வாழையை அறுத்தால் மட்டைக்கு மட்டை நீர் சொட்டும். அதன் எடையில் பெரும்பகுதி நீர்தான். அதை உலர்த்தி எரிபொருளாக்குவதைவிட நார் உரித்துவிட்டு மீதியை அந்த மண்ணுக்கே உரமாக்குவது மேல். புனிதச் சொல்லை ஆலைக்குள் இழுப்பதா என்றும் கேட்கலாம். உயிரற்றதையும் சேர்த்துச் சொன்ன தத்துவம் ஆலை வாசலோடு நின்றுவிடாது. மாடும் மண்ணும் போக மிஞ்சும் உமியும் சக்கையும் எரிபொருளாகட்டும். திருச்சியிலிருந்து கிளம்பும் விமானம் அந்த வரிசையில் கடைசியில்தான் நிற்க வேண்டும்.