கொர்பான் என்று சொல்லிவிட்டோமா?



2024 மே மாதம் நம் சபையின் பாடகர் குழு இலங்கை மலையகத்திற்குப் போய் ஊழியம் செய்து திரும்பியதை அறிவீர்கள். பதினான்கு பேர் போனோம். அட்டன் பக்கத்தில் மூன்று நாள் கூட்டம். கர்த்தர் பெரிய காரியங்களைச் செய்தார். அந்த அறிக்கையை சபையில் வாசித்தாயிற்று. ஆனால் அறிக்கையில் எழுதாமல் விட்ட காரியம் ஒன்று உண்டு. அதை எழுத எனக்கு வெட்கம். இருந்தும் ஆவியானவர் என்னை விடவில்லை. ஆகவே இந்த மாதம் எழுதுகிறேன்.

கேள்வி இதுதான். தேவனுக்கு ஊழியம் செய்கிறவன், மனுஷருக்குப் பட்ட கடனைத் தள்ளிப்போடலாமா? "ஊழியத்திலே இருக்கேன், கர்த்தர் பார்த்துக்குவார்" என்று சொல்லிவிட்டால் கடன் தீர்ந்துபோகுமா?

என் குடும்பக் கதையைக் கொஞ்சம் சொன்னால்தான் இது விளங்கும். நம் சபையில் பாதிப்பேருக்கு இது சொந்தக் கதை. கூடலூர், பந்தலூர் பக்கம் 'சிலோன்காரங்க' என்று நம்மைச் சொல்வார்களே, அந்தக் கதை!

1820களிலிருந்து நம் முன்னோர் தமிழ்நாட்டுக் கிராமங்களை விட்டுப் பஞ்சம் பிழைக்கக் கடல் கடந்தார்கள். தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைவரை கால்நடையாய்ப் போனார்கள். வழியிலே காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் ஏராளம். முதலில் கோப்பித் தோட்டம். இலைநோய் வந்து கோப்பி அழிந்தபின் தேயிலைத் தோட்டம். 1867-ல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை தேயிலை பயிரிட்டது முதல் அந்த மலைகள் பச்சையாயின. அந்தப் பச்சைக்குக் கீழே யாருடைய எலும்புகள் இருக்கின்றன என்று நமக்குத் தெரியும்.

1948-ல் அந்த நாடு சுதந்தரம் அடைந்தது. அதே ஆண்டில் வந்த குடியுரிமைச் சட்டம் நம் ஜனங்களில் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக்கிவிட்டது. 1964 அக்டோபர் 30-ந்தேதி சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேர் என்று கணக்குப் போட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை ஏற்றுக்கொள்ளும் என்று பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். கொழுந்தைத் தராசில் நிறுப்பதுபோல மனுஷரை நிறுத்தார்கள்! பலருக்குக் குடியுரிமை முடிவாக 1988, 2003 ஆண்டுகளின் சட்டங்கள்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தக் கணக்கிலே எங்கள் குடும்பம் இரண்டாய்ப் பிளந்தது. தாத்தா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். அப்பாவின் அக்காவை, அதாவது என் அத்தையை, இலங்கைக்கு எழுதிக் கொடுத்த வீட்டிலே கட்டிக்கொடுத்திருந்தார்கள். 1973-ல் தாத்தாவும் அப்பாவும் தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். அத்தை நின்றுவிட்டார்கள்.

புறப்படுமுன் தோட்டத்துக் கடையில் கடன் நின்றது. அதை அடைத்தால்தான் நிம்மதியாய்க் கிளம்பலாம். அத்தை தன் காதிலிருந்த கம்மலைக் கழற்றிக் கொடுத்தார்கள். "அக்கா, இந்தியா போய் வேலை கிடைச்சதும் முதல் வேலையா உன் கம்மல அனுப்புறேன்" என்றார் அப்பா. அப்போது அவருக்கு இருபத்தொரு வயது.

கூடலூருக்கு வந்தார்கள். தாயகம் திரும்பினவர்களுக்காக அரசு ஏற்படுத்திய தேயிலைத் தோட்டத்தில், இன்று டேன்டீ என்கிறோமே அதில், வேலை கிடைத்தது. கலியாணம், பிள்ளைகள், அடைமழை, அட்டைக்கடி, வறுமை. கம்மல் போகவில்லை. கம்மல் போகாததால் வெட்கம். வெட்கத்தினால் கடிதமும் போகவில்லை. 1979-ல் அத்தையிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அதற்கும் பதில் போடவில்லை. 1981-ல் தாத்தா மரித்தார். அந்தச் செய்தியும் கடலைத் தாண்டவில்லை. 1983-ல் அங்கே கலவரம். 1984-ல் கப்பலும் நின்றது. அதன்பின் எழுதாமலிருக்க ஒரு சாக்கு கிடைத்துவிட்டது.

1985-ல் அப்பா இரட்சிக்கப்பட்டார். உண்மையான இரட்சிப்பு, எனக்கு சந்தேகமே இல்லை. குடியை விட்டார், பீடியை விட்டார், சபைக்கு மூப்பரானார். பொன்னும் வெள்ளியும் மாயை, ஆத்துமாவே அழகு என்று அருமையாய்ப் பிரசங்கிப்பார். அவர் பேச்சைக் கேட்டு நகைகளைக் கழற்றின சகோதரிகள் உண்டு. ஆனால், பிரியமானவர்களே, பொன் மாயை என்று பிரசங்கித்த என் தகப்பனார் ஒருவருடைய பொன்னுக்குக் கடனாளியாயிருந்தார்!

2016-ல் மரணப்படுக்கையில் இதையெல்லாம் என்னிடம் சொன்னார். அத்தையின் அந்த ஒரே கடிதம் அவருடைய வேதாகமத்திற்குள்ளே மடித்தபடி இருந்தது. "என்னா செய்றது?" என்று கேட்டார். நான் வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ படித்தவன் அல்லவா? உடனே பதில் சொன்னேன்: "கர்த்தர் பார்த்துக்குவார்ப்பா, கலங்காதீங்க." ஜெபித்தேன். அவர் கண்ணை மூடினார். கடிதம் என் வேதாகமத்திற்குள் வந்தது. எட்டு வருடம் அங்கேயே இருந்தது!

இந்த நிலையில்தான் கர்த்தர் மலையகக் கதவைத் திறந்தார். திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானம். அங்கிருந்து அட்டனுக்கு ரயில். கீபோர்டும் தபேலாவும் தம்புருவுமாய்ப் பாடிக்கொண்டே போனோம். இரண்டு நாள் கூட்டம் நல்ல ஆசீர்வாதமாய் நடந்தது. மூன்றாம் நாள் பகலில் ஓய்வு. பிள்ளைகள் நுவரெலியா பார்க்க ஆசைப்பட்டார்கள். அத்தை இருந்த தோட்டம் இரண்டு மணி நேரப் பிரயாணம். எனக்குள்ளே ஒரு போராட்டம். உண்மையைச் சொல்கிறேன், நான் போகாமலிருக்கவே காரணம் தேடினேன். காரணம் வசனமாகவே கிடைத்தது. தகப்பன் தாயையும் உடன்பிறந்தாரையும்விடத் தம்மை அதிகமாய் நேசிக்காதவன் சீஷனாயிருக்க முடியாது என்று ஆண்டவர் போதித்தாரே (லூக்கா 14:26). ஆபிரகாமை இனத்தாரை விட்டுப் புறப்படச் சொன்னாரே (ஆதி. 12:1). ஊழியத்திற்கு வந்த இடத்தில் சொந்தக்காரரைத் தேடலாமா? காணிக்கைப் பணத்தில் வந்தவன் சொந்தக் காரியம் பார்க்கலாமா?

அன்று காலைத் தியானத்தில் மாற்கு 7-ம் அதிகாரம் திறந்தது. கைகழுவாமல் சாப்பிட்டார்கள் என்று சீஷரைக் குறைசொன்ன பரிசேயருக்கு ஆண்டவர் என்ன பதில் சொன்னார்? தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டிய உதவியைக் 'கொர்பான்' என்று, அதாவது தேவனுக்கென்று நேர்ந்துவிட்ட காணிக்கை என்று, சொல்லி விலகிக்கொள்ள நீங்களே வழிசெய்து கொடுக்கிறீர்கள் என்று கடிந்துகொண்டார். கையைக் கழுவுவதில் அவ்வளவு கவனமாயிருந்தவர்கள் பெற்றவர்களையும் கைகழுவிவிட்டார்கள்! எனக்கு உடம்பு நடுங்கிற்று. எட்டு வருடமாய் நான் சொன்னது என்ன? "கர்த்தர் பார்த்துக்குவார்." அது விசுவாச வார்த்தை அல்ல, தேவபிள்ளைகளே. அது கொர்பான்!

என் கைப்பணத்தில் ஒரு வேன் பிடித்தேன். பாடகர் குழுவில் நாலுபேர், "நாங்களும் வர்றோம் ஐயா, நுவரெலியா எங்கயும் ஓடிப்போகாது" என்று கூட வந்தார்கள்.

லயத்தில் கடைசிக் காம்பரா. எழுபத்தெட்டு வயது. கொழுந்துக் கூடை சுமந்து கூனிப்போன முதுகு. நான் யார் என்று சொன்னதும் என் முகத்தைக் கையால் தடவிப் பார்த்தார்கள். "வாங்க மருமகனே, அப்பிடியே எங்கப்பா மூஞ்சி" என்று தேத்தண்ணி போடப் போனார்கள். சுவரிலே மாரியம்மன் படம். அதைப் பார்த்ததும் என் வாய் பிரசங்கத்திற்குத் தயாரானது. "அத்தை, அப்பா இயேசுசாமிய ஏத்துக்கிட்டாரு, பெரிய ஊழியம் செஞ்சாரு" என்று ஆரம்பித்தேன்.

அத்தை என்னைப் பார்த்தார்கள். கோபமில்லை. "நல்லது. ஏன் மருமகனே, சாமிய மாத்திக்கிட்டா கூடப்பொறந்தவளையுமா மாத்திக்கணும்?" என்றார்கள்.

பிரியமானவர்களே, இருபது வருட ஊழியத்தில் எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். இதற்குப் பதில் இல்லை. "மன்னிச்சிருங்க அத்தை" என்று அழுதேன். கம்மலைப் பற்றிச் சொன்னேன். "கம்மல யாரு கேட்டா? கடுதாசியத்தானே கேட்டேன்" என்றார்கள். பிறகு மெதுவாய், "எங்கப்பா எப்ப செத்தாரு?" என்று கேட்டார்கள்.

1981 என்று சொன்னேன். "எந்த மாசம்? என்ன நாளு?" எனக்குத் தெரியவில்லை! கூடலூரிலிருந்த அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மா யோசிக்கக்கூட இல்லை. "ஆடிப் பதினெட்டு கழிஞ்சு மூணாம் நாளு. பேய்மழை. தோட்டத்து ஓரத்துல சில்வர் ஓக் மரத்துக்கிட்ட வச்சோம். கடைசி ராத்திரியெல்லாம் மக பேரத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாரு" என்றார்கள். போனை அத்தையிடம் கொடுத்தேன். ஒருவரையொருவர் பார்த்திராத இரண்டுபேர் "அண்ணி", "தங்கச்சி" என்று அரைமணி நேரம் பேசி அழுதார்கள். நாங்கள் வெளியே தூறலில் நின்றோம். பாட வந்த பிள்ளைகள் யாரும் பாடவில்லை. அங்கே பாட்டுக்கு வேலையில்லை.

கிளம்பும்போது, "ஜெபம் பண்ணலாமா அத்தை?" என்று கேட்டேன். "பண்ணுங்க, எனக்கும் அந்த சாமிமேல கோவமில்ல" என்றார்கள். ஜெபித்தேன். அத்தை இன்னும் இரட்சிக்கப்படவில்லை. அதற்காகப் பாரத்தோடு ஜெபிக்கிறேன், நீங்களும் ஜெபியுங்கள். ஆனால் அவர்கள் இரட்சிக்கப்பட்டால்தான் கடனைத் தீர்ப்பேன் என்று சொல்ல எனக்கு அதிகாரமில்லை.

அன்று இரவு கடைசிக் கூட்டம். எழுப்புதலைக் குறித்து மூன்று குறிப்புகளோடு ஆயத்தமாயிருந்தேன். மேடையில் அதை எடுக்க முடியவில்லை. நடந்ததை அப்படியே அறிக்கையிட்டேன். ஜனங்கள் தேம்பி அழுதார்கள். ஏனென்றால் அங்கே இருந்தவர்களில் அநேகருக்கு இக்கரையிலே ஒருவர் இருக்கிறார்! கூட்டம் முடிந்ததும் ஒரு பெரியவர் ஒரு துண்டுக் காகிதத்தைக் கொடுத்தார். "கோத்தகிரி பக்கம் போன என் தம்பி, ஐயா. உசுரோட இருக்கானான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க." அவர் பின்னாலே வேறு பலரும் வந்தார்கள். பதினொரு காகிதங்களோடு திரும்பினோம். இதுவரை மூன்று குடும்பங்களைக் கண்டுபிடித்திருக்கிறோம். ஒருவர் மரித்துப்போயிருந்தார். அதையும் சொல்லி அனுப்பினோம்.

நம் சபையிலேயே சில சகோதரர் கேட்டார்கள்: "வம்ச வரலாறுகளில் மனதைச் செலுத்த வேண்டாம் என்று பவுல் எழுதவில்லையா (1 தீமோ. 1:4)? நம்முடைய குடியிருப்பு பரலோகத்தில் அல்லவா (பிலி. 3:20)?" நியாயமான கேள்வி. என் சிறிய பதில் இது. வேரைத் தேடுவதில் இரண்டு வகை உண்டு. என் பாட்டன் யார், என் ஊர் எது, என் ஜாதி எது என்று பெருமைக்குத் தேடுவது ஒன்று. அதை சிலுவையண்டை விட்டுவிட வேண்டும். நான் யாருக்குக் கடன்பட்டிருக்கிறேன், யாரை அழவிட்டு வந்தேன் என்று தேடுவது இன்னொன்று. அதை சிலுவைதான் நம்மைச் செய்ய வைக்கிறது. பரலோகக் குடியுரிமை, பூமியிலுள்ள கடனைத் தள்ளுபடி செய்யும் பத்திரம் அல்ல. நாடில்லாமல் இருந்த ஜனத்திலிருந்து வந்த நமக்குத் தெரியாதா, ஒரு காகிதத்தைக் காட்டி உறவை அறுப்பது எவ்வளவு கொடுமை என்று?

அப்படியானால் லூக்கா 14? அங்கே ஆண்டவர் தம்மை முதலில் வைக்கச் சொல்கிறார். தம்முடைய பேரைச் சொல்லி மற்றவர்களை ஏமாற்றச் சொல்லவில்லை. பலிபீடத்தண்டை காணிக்கையை வைத்துவிட்டு, முதலில் போய் சகோதரனோடே ஒப்புரவாகச் சொன்னவரும் அவரே (மத். 5:23,24). காணிக்கை காத்திருக்கலாம் என்கிறார்! எங்கள் பாட்டுகளும் அந்தக் காணிக்கைதான். கடல் கடந்து கொண்டுபோனோம். ஆனால் கர்த்தர் என்னிடத்தில் எதிர்பார்த்தது அதற்கு முந்தினது.

ஊர் திரும்பியதும் என் மனைவியும் நானும் மாதாமாதம் ஒரு தொகையை எடுத்து வைக்கிறோம். கம்மலுக்குத்தான். அத்தை வேண்டாம் என்கிறார்கள். நாங்கள் விடுவதாயில்லை. நகை போடாத எங்கள் வீட்டிலே ஒரு ஜோடிக் கம்மலுக்குப் பணம் சேர்க்கிறோம்! கடிதமும் மாதம் ஒன்று போகிறது. கூடவே அந்த சில்வர் ஓக் மரத்தின் படத்தையும் அனுப்பினோம். அத்தை அதை மாரியம்மன் படத்திற்குப் பக்கத்திலே வைத்திருக்கிறார்களாம்.

தேவபிள்ளையே, உன் வேதாகமத்திற்குள் பதில் போடாத கடிதம் எதாவது மடித்து இருக்கிறதா? அண்ணனிடம் வாங்கின பணமா? பேச்சை நிறுத்தின தங்கையா? பார்க்கப் போகாத தாயா? உபவாசக் கூட்டத்திற்கு வருகிறாய், எழுப்புதலுக்காக அழுகிறாய், நல்லது. வருமுன் அந்த ஒரு காரியத்தைச் செய்துவிட்டு வா. சபை காத்திருக்கும். கர்த்தரும் காத்திருப்பார்.

பரம தகப்பனே, உமது நாமத்தைச் சொல்லி நாங்கள் தட்டிக்கழித்த கடன்களை எங்களுக்கு உணர்த்தும். வெட்கத்தை மேற்கொள்ளப் பெலன் தாரும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் சகோதரன்.